காரணத்தைக் காட்டு என்று கேட்டேன்

என் கணவருக்கு முதன்முதலாக வாய் குழறிய அன்று, நான் அவரோடு சண்டை போட்டேன். அங்கிருந்துதான் இதைச் சொல்ல வேண்டும். நம் வழிபாட்டுக் குழுவில் பலமுறை பேசச் சொன்னார்கள். நின்று பேசினால் அழுதுவிடுவேன் என்று பயந்து எழுதித் தருகிறேன்.

2006ஆம் வருஷம், ஐப்பசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் பெயர் ஞானசேகரன். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் பழுதான மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டித் தரும் கடை வைத்திருந்தார். அப்போது அவருக்கு முப்பத்தாறு வயது. மதியச் சாப்பாட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தள்ளாடினார். தண்ணீர் கேட்க வந்தவருக்கு "தண்... தண்..." என்பதற்கு மேல் வரவில்லை. வலது கையில் வாங்கிய சொம்பு நழுவி விழுந்தது.

என் அப்பா குடிப்பவர். அந்தத் தள்ளாட்டத்தைப் பார்த்தே வளர்ந்தவள் நான். இவரிடம் வாடை எதுவும் வரவில்லை. அதைக்கூட எதையோ மென்று மறைத்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வயது மகள் பக்கத்தில் நிற்பதையும் மறந்து, கேட்கக் கூடாததையெல்லாம் கேட்டேன்.

அரை மணி நேரத்தில் அவர் சரியாகிவிட்டார்.

"சத்தியமா குடிக்கல கோமதி. கை மரத்துப்போன மாதிரி இருந்துச்சி. பேச்சு வரல" என்றார்.

நான் நம்பவில்லை. மூன்று நாள் அவரோடு பேசவில்லை.

எட்டாம் நாள் நாங்கள் கடலூரில் இருந்தோம். திருப்பாதிரிப்புலியூரில் என் அண்ணன் வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. காலை டிபன் பந்தியில் அவருக்கு எதிரில் நின்று நான் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தேன். பொங்கலைப் பிசைந்த கை அப்படியே நின்றது. வாய் இடது பக்கமாக இழுத்தது. என்னையே பார்த்தார். ஏதோ சொல்ல வருகிறார், சத்தம் மட்டும் வருகிறது, சொல் வரவில்லை. அப்படியே வலது பக்கம் சரிந்தார்.

"மச்சான், இங்க பாருங்க. மச்சான்" என்று அண்ணன் தாங்கிப் பிடித்தான். யாரோ ஒரு அம்மா எதையோ கரைத்து வாயில் ஊற்ற வந்தார். அண்ணன் அந்தக் கையைத் தள்ளிவிட்டு ஆட்டோவை வரச் சொன்னான். அந்த நிமிஷம் எனக்கு ஒன்று மட்டும் புரிந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை அவர் குடித்திருக்கவில்லை.

ஸ்கேன் எடுத்தார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு. பக்கவாதம் என்றார்கள். அவருக்குச் சர்க்கரை இல்லை. பிரஷர் பெரிதாக இல்லை. பீடி சிகரெட் தொட்டதில்லை. ஈசிஜி எடுத்தார்கள், அதிலும் ஒன்றும் தெரியவில்லை.

"இந்த வயசுல ஏன் வந்துச்சின்னு இப்ப சொல்ல முடியலம்மா. சில பேருக்குக் காரணம் தெரியாமலே போயிடும்" என்றார் அங்கிருந்த டாக்டர். அவர் நல்ல மனிதர். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். ஆனால் அந்த வார்த்தைதான் என்னைப் பிடித்து ஆட்டத் தொடங்கியது.

பதினோரு நாள் கழித்து அவரைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வந்தோம். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் இருந்தது. வாயு என்றார் ஒருவர். வெயிலில் வந்து உடனே குளித்திருப்பார் என்றார் இன்னொருவர். சனி பார்க்கிறது என்றார்கள், கண் பட்டுவிட்டது என்றார்கள். என் மாமியாரிடம் இருந்த காரணம் நான்தான்.

"நீ போட்ட சண்டைலதான் எம் புள்ளைக்கு மண்டைல ரத்தம் ஏறிடிச்சி" என்றார்.

எனக்கே அப்படித்தான் தோன்றியது.

அதற்குப் பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. சாப்பாட்டில் உப்பை நிறுத்தினேன். ஃபேன் காற்று நேராகப் படக் கூடாது என்று கட்டிலை மாற்றிப் போட்டேன். மறுநாள் வேறு ஒருவர் வேறு ஒன்று சொல்ல, மறுபடியும் மாற்றினேன். அவர் சாப்பிட்டது, தூங்கியது, மலம் கழித்தது எல்லாவற்றையும் மகளின் பழைய நோட்டில் எழுதி வைத்தேன். மருந்துக் கடையில் முன்னால் நிற்பவரிடம்கூட "உங்க வீட்டுல யாருக்காவது வந்துருக்கா, எதனால வந்துச்சி?" என்று கேட்பேன். ஒருநாள் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து, காயிலுக்குப் பூசும் வார்னிஷ் டின்னை முகர்ந்து பார்த்தேன். இதுவாக இருக்குமோ? பத்து வருஷமாக இதை மூச்சில் இழுத்தாரே? தலை சுற்றும்வரை முகர்ந்துகொண்டு நின்றேன்.

அவர் மெல்லத் தேறினார். தை மாதம் கம்பு ஊன்றி நின்றார். பங்குனியில் கூடத்தைச் சுற்றி வந்தார். பார்த்தவர்கள் எல்லாம் சந்தோஷப்பட்டார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை. ஏன் வந்தது என்று தெரியாத ஒன்று எப்போது வேண்டுமானாலும் மறுபடி வரலாமே. அவர் தும்மினால் ஓடுவேன். பேசும்போது ஒரு சொல்லுக்குத் திணறினால் அவர் வாயையே பார்ப்பேன்.

தினமும் காலையில் கோயிலுக்குப் போவேன். எங்கள் வீடு கீழ வீதியை ஒட்டிய சந்தில் இருக்கிறது. பிறந்த வீட்டிலிருந்து வந்த நாள் முதல் நடராஜரைத் தினமும் கும்பிடுகிறவள்தான். ஆனால் அதுவரை பழக்கத்துக்குக் கும்பிட்டேன். அந்த மாதங்களில்தான் பேச ஆரம்பித்தேன். அவரை நடக்க வை என்று நான் கேட்கவில்லை. நடப்பதை அவர் தானாகவே பழகிக்கொண்டிருந்தார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. ஏன் வந்தது? காரணத்தைக் காட்டு. என்னாலதான் வந்தது என்றாலும் சரி, அதையும் சொல்லிவிடு, தாங்கிக்கொள்கிறேன்.

எத்தனை முறை கேட்டும் அவன் காட்டவில்லை. சித்திரையில் ஒரு வாரம் கோபித்துக்கொண்டு கோயிலுக்கே போகாமல் இருந்தேன். அந்த ஒரு வாரமும் கால் நிற்கவில்லை. வெறுமனே நான்கு வீதியையும் சுற்றி வந்தேன்.

2007 வைகாசி, ஒரு திங்கட்கிழமை காலை. அவராகவே சட்டையை எடுத்தார். "கோ... யில்" என்றார். நோய் வந்த பிறகு அவர் முதன்முதலாக வெளியே போகக் கேட்டது அன்றைக்குத்தான். இடது கையில் கம்பு. வலது மணிக்கட்டை நான் பிடித்துக்கொண்டேன். பத்து நிமிஷ வழி, அரை மணி நேரம் ஆனது.

நடராஜர் சபைக்கு முன்னால் நின்றோம். பூஜை நேரம். மணி அடிக்கத் தொடங்கினார்கள். ஒரே சீராக, விட்டு விட்டு, அந்தப் பெரிய சத்தம். நான் கண்ணை மூடிக்கொண்டு வழக்கமானதைக் கேட்டேன். காரணத்தைக் காட்டு.

அப்போதுதான் என் விரல்களுக்கு அடியில் அவருடைய நாடி தெரிந்தது. மணி ஒழுங்காக அடிக்கிறது. இது ஒழுங்காக அடிக்கவில்லை. மூன்று தடவை வேகமாகத் துடித்தது, நின்றது, ஒன்று அடித்தது, மறுபடி நின்றது, இரண்டு சேர்ந்து வந்தது. என் கைதான் நடுங்குகிறதோ என்று நினைத்தேன். இன்னொரு கையால் என் கழுத்து நாடியையும் தொட்டுப் பார்த்தேன். என்னுடையது சீராக இருந்தது. மறுபடி அவருடையதைப் பார்த்தேன். தாறுமாறாக ஓடியது.

கண்ணைத் திறந்தேன். தீபாராதனை காட்டினார்கள். தூக்கிய திருவடி அந்த வெளிச்சத்தில் தெரிந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஏழு மாதம் அந்தக் கையைத் தினமும் பிடித்து எண்ணெய் தேய்த்திருக்கிறேன். ஒருநாளும் அது தெரியவில்லை.

"வாங்க மாமா, போலாம்" என்றேன்.

"வி... பூதி" என்றார் அவர்.

"அப்புறம் வந்து வாங்கிக்கலாம்."

நேராக ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர், என்னைவிடச் சின்னவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. என் கணவரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுவதும் எண்ணினார்.

"இப்படி அடிக்குதுன்னு உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"யாரும் சொல்லலம்மா. கோயில்ல கையப் புடிச்சிக்கிட்டு நின்னேன், அப்பத்தான் தெரிஞ்சிச்சி."

உடனே ஈசிஜி எடுத்தார்கள். இந்தத் தடவை அதில் தெரிந்தது. இந்தத் துடிப்புக் கோளாறு சிலருக்கு வந்து வந்து போகுமாம். இல்லாத நேரத்தில் எடுத்தால் ஈசிஜியில் தெரியாதாம். பிறகு அவரை இடது பக்கமாகப் படுக்க வைத்து நெஞ்சில் நெடுநேரம் கேட்டார். மறுநாள் எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொன்னார். சின்ன வயதில் அவருக்கு என்னென்ன நோய் வந்தது என்று தெரிந்தவர்களையும் கூட்டி வரச் சொன்னார். மாமியாரைக் கூட்டிப் போனேன்.

எக்கோ பார்த்துவிட்டு டாக்டர் எங்களுக்குப் புரிகிற மாதிரி சொன்னார். "இதயத்துக்குள்ள கதவு மாதிரி வால்வு இருக்கு. இவருக்கு அதுல ஒண்ணு சுருங்கிப்போயிருக்கு. வாய்க்கால்ல மதகு சரியாத் தெறக்கலன்னா இந்தப் பக்கம் தண்ணி தேங்கும்ல, அந்த மாதிரி ரத்தம் தேங்குது. தேங்கற எடத்துல உறைஞ்சி கட்டியாவுது. அதுல ஒரு துண்டுதான் மூளைக்குப் போயி அடைச்சிருக்கு. இன்னும் உள்ள ஒரு கட்டி இருக்கு."

இன்னும் ஒன்று இருக்கிறது. எந்த நிமிஷமும் கிளம்பலாம். ஏழு மாதமாக நான் பயந்தது பொய்யில்லை.

டாக்டர் மாமியாரிடம் கேட்டார். "சின்ன வயசுல இவருக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்துச்சா?"

மாமியார் யோசித்தார். "மங்கலம்பேட்டைல இருந்தப்ப வந்துச்சிம்மா. பத்து வயசு இருக்கும். மொதல்ல தொண்டை வலின்னான். அப்புறம் முட்டி வீங்கிக்கிச்சி. அது கொறைஞ்சா கணுக்கால்ல வரும், அது கொறைஞ்சா முழங்கைல வரும். ஒரு மாசம் படுத்துக் கெடந்தான். பச்சிலை அரைச்சிப் பத்துப் போட்டோம், சரியாப்போச்சி."

"அதுதாம்மா. தொண்டைல வர்ற ஒரு கிருமி. அத எதுக்கப் போயி ஒடம்பு தன்னோட மூட்டையும் இதயத்தையும் தானே தாக்கிக்கும். மூட்டு சரியாயிடும். வால்வுல தழும்பு நின்னுடும். அது வருஷக் கணக்கா மெதுவாச் சுருங்கும்."

மாமியாரின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப எம் மேலதான் தப்பா?" என்றார்.

ஒளிக்காமல் சொல்கிறேன். அந்த நொடி எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி என்னை விட்டுப் போய்விட்டது என்று. என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

"யாரு மேலயும் தப்பில்லம்மா. அப்ப உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் டாக்டர்.

நானும் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் போட்ட சண்டையைச் சொல்லி, அதனால் வந்ததா என்று.

"சண்டையால வரல. ஆனா அன்னைக்கு வாய் குழறிச்சில்ல, அரை மணி நேரத்துல சரியாச்சில்ல, அது முன்னாடியே வந்த எச்சரிக்கை. அன்னைக்கே வந்திருந்தா ஒருவேளை தடுத்திருக்கலாம். அது எச்சரிக்கைன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

அதை ஏற்றுக்கொண்டேன். இன்றும் வலிக்கிறது. ஆனால் உண்மை என்பதால் அதைத் தாங்க முடிகிறது.

எழுந்து வாசல் வரை வந்துவிட்டேன். அங்கே கால் நின்றுவிட்டது. ஒரு மூட்டில் குறைந்து இன்னொரு மூட்டுக்குப் போகும் வலி. அதை நான் பார்த்திருக்கிறேன். மாசி மாதம், என் மகள் அபிராமி தொண்டை வலி என்றாள், காய்ச்சல் அடித்தது. இரண்டு மூன்று வாரம் போன பிறகு முட்டி வலி என்றாள். அடுத்து கணுக்கால் என்றாள். பள்ளிக்கூடத்தில் கயிறு தாண்டியிருப்பாள் என்று தைலம் தேய்த்துவிட்டு, அவள் அப்பாவைப் பார்க்க ஓடிவிட்டேன்.

திரும்பி உள்ளே போய்ச் சொன்னேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நாளைக்கே கூட்டிட்டு வாங்க."

என் மகளுக்கும் அதேதான். வால்வில் லேசான கசிவு. ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம், ஆனால் இனிமேல் அந்தக் கிருமி அவள் தொண்டைக்கு ஒருமுறைகூட வரக் கூடாது என்றார். அதற்கு மூன்று வாரத்துக்கு ஓர் ஊசி, பெனிசிலின். குறைந்தது அவளுக்கு இருபத்தொரு வயது ஆகும்வரை.

அன்று மாலை கோயிலுக்குப் போய்ச் சண்டை போட்டேன். கணவரோடு போட்டதைவிடப் பெரிய சண்டை. காரணம் கேட்டேன், சரி. அதை என் குழந்தை உடம்பில் வைத்தா காட்ட வேண்டும்? சிவகாமி அம்மன் சன்னதிப் பக்கம் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் நின்றேன். கோபம் வடிய வடிய ஒன்று புரிந்தது. மாசி மாதமே அது அவள் உடம்பில் வந்துவிட்டது. நான் கேட்டதால் வரவில்லை. நான் கேட்டதால் தெரிந்தது. கேட்காமல் இருந்திருந்தால் அவளும் முப்பத்தாறு வயதில் எங்கேயோ ஒரு பந்தியில் சரிந்திருப்பாள். நான் என் கணவருக்காகக் கேட்டேன். அவன் என் மகளையும் சேர்த்துக் காப்பாற்றினான்.

அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாக நடந்துவிடவில்லை. உள்ளே இருந்த கட்டி கரைகிற வரைக்கும் வால்வில் கை வைக்க முடியாது என்றார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கீரைகூட ஒரே அளவில்தான் கொடுக்க வேண்டும். கார்த்திகையில் சென்னையில் பலூன் வைத்து வால்வை விரித்தார்கள். இன்றுவரை அவருக்கு மறுபடி பக்கவாதம் வரவில்லை. வலது காலை லேசாக இழுத்து நடக்கிறார். பேச்சு நிதானமாக வருகிறது. காயில் கட்ட விரல் ஒத்துழைக்கவில்லை. அதே கடையில் பம்ப்செட் உதிரி பாகங்கள் விற்கிறார்.

மகளுக்கு ஊசி ஒருமுறையும் தவறியதில்லை. சிதம்பரத்தில் அந்த மருந்து சில சமயம் கிடைக்காது. அண்ணன் திருப்பாதிரிப்புலியூரில் வாங்கி அனுப்புவான். போன வருஷக் கடைசியில் 'தானே' புயல் அடித்தபோது ஊசி போடும் நாள் நெருங்கிவிட்டது. கையில் மருந்து இல்லை. கரண்டு இல்லை, போன் இல்லை. கடலூர்ப் பக்கம் ரோடு முழுக்க மரம் விழுந்து கிடப்பதாகச் சொன்னார்கள். இரண்டு மூன்று நாள் தள்ளிப் போனால் ஒன்றுமில்லை என்று நர்ஸ் சொல்லியும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கோயிலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் காலை அண்ணன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான், உடம்பெல்லாம் சேறு.

"வீட்டுக் கூரை போயிடிச்சி. அது கெடக்குது. ஊசியப் போடு மொதல்ல" என்று மருந்தைக் கொடுத்தான். அவனை அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும்.

இந்த ஆனி மாதம் அபிராமி என்னைத் தடுத்தாள். "இனிமே நீ வராதம்மா. நானே சைக்கிள்ல போயிப் போட்டுக்கிட்டு வரேன். நீ பக்கத்துல நின்னாதான் எனக்குப் பயமா இருக்கு." அவளுக்கு இப்போது பதினைந்து வயது. டாக்டர் கடைசியாகப் பார்த்தபோது வால்வுக் கசிவு கூடவில்லை, கொஞ்சம் குறைந்தேவிட்டது என்றார். ஆறு வருஷமாக நிற்காத என் கால் அன்று என்ன பாடுபட்டது என்று சொல்ல முடியாது. கோயிலுக்குப் போய்ச் சபைக்கு எதிரில் உட்கார்ந்தேன். எதுவும் கேட்கவில்லை. கேட்க வேண்டியதை எல்லாம் கேட்டாகிவிட்டது, அவன் பார்த்துக்கொள்வான் என்று சும்மா இருந்தேன். ஒரு மணி நேரம். அவள் ஊசி போட்ட வலியில் நொண்டிக்கொண்டே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "பசிக்குதும்மா" என்றாள்.

அடியார்களே, உங்களிடம் நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வீட்டில் யாருக்காவது வாய் குழறினால், கை மரத்துப்போனால், பத்து நிமிஷத்தில் சரியாகிவிட்டாலும் அதை விட்டுவிடாதீர்கள். குழந்தை தொண்டை வலி என்றால், முட்டி வலி என்றால், உட்கார்ந்து காது கொடுத்துக் கேளுங்கள். நோய் வந்தால் யார் செய்த பாவம் என்று பேசாதீர்கள். அந்தப் பேச்சில் நான் ஏழு மாதம் வெந்தேன், ஒரு பயனும் இல்லை. மனது நிலைகொள்ளாமல் தவிக்கிறதா? அந்தத் தவிப்போடு அப்படியே வந்து அவன் முன்னால் நில்லுங்கள். தெரியவில்லை, காட்டு என்று கேளுங்கள். கோபப்பட்டும் கேட்கலாம், அவன் தாங்குவான். அவன் காட்டும்போது விபூதி வாங்கக்கூட நிற்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அதற்கெல்லாம் அவன் கோபித்துக்கொள்ள மாட்டான்.